செகண்ட் ஹேண்ட் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

ஒரு புது நடுத்தர செடானுக்குக் கொடுக்கும் பணத்தில், எட்டுப் பத்து வருடம் ஓடிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் இன்று கிடைக்கிறது. சில சமயம் அதைவிடக் குறைவாகவே படிகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் 2007-இல் தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்ட கார்கள்தான் இவற்றில் பெரும்பாலானவை. அதனால் சென்னையில் இந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. தினமும் அலுவலகம் போய்வர இதையே எடுத்தால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2012 முதல் 2019 வரை வந்த எஃப்30 தலைமுறையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்: டீசலில் 320டி, பெட்ரோலில் 320ஐ, 328ஐ. ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ் பார்ப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

என்ஜினுக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் கருவிதான் டர்போ. பழைய டர்போ காரில் எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் காதில் விழுவது “டர்போ போயிடுச்சு சார்” என்பதுதான். என் அனுபவத்தில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது டர்போ. அதற்கு முன்னால் ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு சென்சார், ஒரு பேட்டரி, காலத்தில் மாற்றாத ஆயில் என்று பலதும் வரிசையில் நிற்கின்றன. வரிசையாகப் பார்த்தால் லட்சக்கணக்கில் செலவு மிச்சமாகும். அதே வரிசை, எந்தக் காரைப் பார்த்ததும் கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும் என்பதையும் காட்டிவிடும்.

பார்க்கப் போகும்முன்

காரை விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” போனதும் முதல் வேலையாக பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், வெயிலில் நின்ற சூடா, என்ஜின் சூடா என்று பாருங்கள். என்ஜின் சூடு என்றால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். இந்தக் கார்களின் பெரிய பழுதுகள் பல, குளிர்ந்த என்ஜினை எழுப்பும் முதல் சில நொடிகளில்தான் வாய் திறக்கும்.

கையோடு ஒரு ஓபிடி அடாப்டர் இருக்கட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால், காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பழுதுக் குறியீடுகளை (ஃபால்ட் கோட்) ஆப்பில் காட்டும் சின்னப் பெட்டி. ஃபால்ட் கோட் ஒன்றுமே இல்லை என்று காட்டினால் உடனே மகிழ வேண்டாம். “கோட் அழித்தபின் ஓடிய தூரம்” என்று ஒரு தகவலை அதே ஆப்பில் பார்க்கலாம். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன்னால் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். நல்ல டெஸ்ட் டிரைவ் போய்விட்டு வந்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். துடைத்தது திரும்பி வரும்.

முதல் ஸ்டார்ட்டில் கலகலவென்று சத்தம்

ஒன்றிரண்டு நொடியில் அடங்கிவிட்டாலும் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க இந்த பிஎம்டபிள்யூ கார்களில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயுளுக்கும் வரும் என்ற கணக்கில் வைக்கப்பட்ட செயின் அது. நடைமுறை வேறு.

2015-க்கு முன் வந்த 328ஐ, 320ஐ பெட்ரோல் கார்களில் என்20 என்ஜின். அதில் செயினை வழிநடத்தும் கைடுகள் பிளாஸ்டிக். சூட்டில் மொறுமொறுவென்று ஆகி உடைந்து, துண்டுகள் கீழே ஆயில் தேங்கும் சட்டியில் (சம்ப்) விழும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயை அடைத்தால், அதோடு என்ஜினும் போகும். முன்பக்கம் காது வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கூட்டச் சொல்லுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற ‘ஊய்ய்’ என்று கூடவே ஏறும் மெல்லிய ஊளை கேட்டால், ஆயில் பம்ப் செயின்மேலும் சந்தேகம் போக வேண்டும். செயின், கைடு, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் மாற்றியதற்கு பில் இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

320டி-யில் 2015-16 வாக்கில் வந்த மாற்றம் வரை என்47 என்ஜின். இதில் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. சத்தமும் அங்கிருந்துதான் வரும், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலே ஒரு உரசல் போலக் கேட்கும். இதை மாற்ற கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். எஃப்30-க்கு முந்தைய இ90 கார்களில்தான் இந்தப் புகார் அதிகம். எஃப்30-யில் குறைந்தது, இல்லாமல் போகவில்லை. செயின் சத்தம் கேட்கும் காரை, அந்த வேலைக்கு ஆகும் மொத்தச் செலவையும் விலையில் கழிக்காமல் வாங்காதீர்கள். கழிக்க மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

மிதித்தால் இழுவை இல்லை

இதுதான் அதிகம் பேர் ஏமாறும் இடம். அறிகுறி எல்லோருக்கும் ஒன்று போலவே தெரியும். கார் சாதாரணமாக ஓடுகிறது, மேம்பாலம் ஏறும்போதோ ஓவர்டேக் பண்ணும்போதோ மிதித்தால் வர வேண்டிய தள்ளு வரவில்லை. சில சமயம் “டிரைவ்டிரெயின்” எச்சரிக்கை வந்து வண்டி மந்தமாகிவிடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும், மறுநாள் மறுபடி வரும்.

முதலில் காதைத் தீட்டுங்கள். ஜன்னலைத் திறந்து, ஒரு சுவரையோ தடுப்பையோ ஒட்டிப் போகும்போது மிதியுங்கள். ‘புஸ்ஸ்’ என்று காற்று கசியும் சத்தம் கேட்டால் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் எங்கோ காற்று வெளியேறுகிறது. டர்போ அமுக்கித் தரும் காற்று பைப் வழியாக முன் பம்பருக்குக் கீழே உள்ள இன்டர்கூலருக்குப் போய், குளிர்ந்து, இன்னொரு பைப் வழியாக என்ஜினுக்கு வருகிறது. என்20-இல் அந்தப் பைப் பிளாஸ்டிக். நம் ஊர் சூட்டுக்கும் வயதுக்கும் அது விரிசல் விடுவது சகஜம். டீசலில் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸே அடிப்பக்கம் கிழிந்திருக்கும். மேலே பார்த்தால் நன்றாகவே தெரியும், வளைவின் கீழ்ப்புறம் விரலால் தடவினால்தான் அகப்படும். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கருப்பாக ஒரு வளையம் தெரிந்தால், கசிவு அங்கேதான். சந்தேகம் இருந்தால் ஸ்மோக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். குழாய்க்குள் புகையை ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். அரை மணி நேர வேலை.

கசிவு இல்லையென்றால் அடுத்தது அளவுகள். ஏர் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? காற்றின் அளவைச் சொல்லும் சென்சார், அழுத்தத்தைச் சொல்லும் பூஸ்ட் சென்சார் இரண்டின் எண்களையும் ஓட்டும்போதே ஸ்கேனரில் பார்க்கலாம். என்ஜின் கேட்கும் அழுத்தம், கிடைக்கும் அழுத்தம் என்று இரண்டு எண் வரும். இரண்டும் ஒட்டி ஓடினால் டர்போ வேலை செய்கிறது, கோளாறு வேறெங்கோ. கிடைப்பது எப்போதும் பின்தங்கினால் அப்போதுதான் டர்போவின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போக வேண்டும். சில என்ஜின்களில் அதை ஒரு வெற்றிட ஹோஸ் இயக்கும், சிலவற்றில் சின்ன மின்மோட்டார். வெடித்த வெற்றிட ஹோஸ் ஒன்று முழு டர்போவைக் கெட்டதாகக் காட்டிவிடும். டீசல் என்றால், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்கும் கரி பிடித்து அடைத்திருக்கிறதா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கடந்த பிறகுதான் டர்போ. என்ஜின் ஆறியபின் காற்று உள்ளே போகும் பைப்பைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் நடு முனையை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது. இலைகளின் விளிம்பு மழுங்கியோ பள்ளம் விழுந்தோ, சுற்றுச்சுவரில் உரசிய கோடு தெரிந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓடும்போது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் ஊளையும் இதற்குத்தான். பைப்புக்குள் லேசான எண்ணெய்ப் பூச்சு எல்லா டர்போ காரிலும் உண்டு, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். குளமாகத் தேங்கியிருந்தால் கவலைப்படுங்கள்.

டர்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், அதற்கு ஆயில் கொண்டுவரும் பைப்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் தண்டு அது, ஆயில் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. பழையது ஏன் போனது என்று பார்க்காமல் புதுசைப் பூட்டினால் புதுசும் அதே வழியில் போகும். புதுப்பேட்டையில் பழைய காரிலிருந்து கழற்றிய டர்போ விலை குறைவாகக் கிடைக்கும். அதன் பேரிங் எந்தக் கதியில் இருக்கிறது என்று வாங்கும்போது சொல்ல ஆள் கிடையாது. தினசரி ஓட்டும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புகை

நிறத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு ஒரு தடவை மிதிக்கும்போது நீலப் புகை எழும்பினால் ஆயில் எரிகிறது. உடனே டர்போ சீல் என்று முடிவுகட்ட வேண்டாம். என்ஜினின் மூச்சுக்காற்றை வெளிவிடும் பிசிவி வால்வு கெட்டாலும் ஆயில் இதே போல மேலே ஏறும். என்20-இல் அது வால்வு கவரிலேயே அடங்கியிருக்கிறது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். கையை இழுத்துப் பிடிப்பதுபோல மூடி உள்ளே உறிஞ்சிக்கொண்டால், அல்லது கவர் பக்கம் விசில் அடித்தால், குற்றவாளி அதுதான். டர்போவைவிடப் பல மடங்கு மலிவு.

வெள்ளைப் புகை என்ஜின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

டீசலில் கருப்புப் புகை என்றால் மேலே சொன்ன காற்றுக் கசிவுதான் முதல் சந்தேகம். ஆனால் 320டி-யில் இன்னொன்று உண்டு. இதில் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது, அது ஒழுங்காக இருந்தால் புகையே கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி சைலன்சர் வாய்க்குள் தடவுங்கள். கிட்டத்தட்டச் சுத்தமாக வந்தால் நல்லது. மை போலக் கருப்பாக ஒட்டினால் டிபிஎஃப் உடைந்திருக்கிறது, அல்லது உருவி எறிந்துவிட்டு மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள்.

டீசல் காரில் ஆயில் அளவு ஏறுகிறது

ஆயில் குறைவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஏறுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரிக்க, கார் தானாகவே அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தி வெப்பத்தை 600 டிகிரி வாக்கில் ஏற்றும். அதற்கு இருபது முப்பது நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும். தினமும் தி.நகரிலிருந்து நுங்கம்பாக்கம் என்று நான்கைந்து கிலோமீட்டர் நெரிசலில் போய் நிறுத்தினால், எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். நீர்த்துப்போன ஆயில் டர்போ பேரிங்கைத் தின்னும். டர்போ போனதன் உண்மைக் காரணம் பல கார்களில் இதுதான்.

வண்டியை நிறுத்தியபிறகும் முன்னால் ஃபேன் சத்தமாக ஓடினால், சூடான வாடை வந்தால், எரிப்பு பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை ஓ.எம்.ஆரிலோ ஈ.சி.ஆரிலோ அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுவது மருந்து.

ஓட்டியும் சரியாகவில்லையா? அப்படியென்றால், சூட்டுக்கு ஏற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். இதை நிறைய இடங்களில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, சூடு போதாமல் கார் எரிப்பையே தொடங்காது. ஓபிடி ஆப்பில் கூலண்ட் வெப்பம் நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் போய் நிற்க வேண்டும். 70 வாக்கிலேயே தத்தளித்தால், டிபிஎஃப் மாற்றச் சொல்பவரிடம் முதலில் இதை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தினசரி ஓட்டம் முழுக்க நகரத்துக்குள் என்றால் டீசலே வேண்டாம், பெட்ரோல் எடுங்கள்.

ஐட்லிங்கில் நடுக்கம், மிஸ்ஸிங்

பெட்ரோல் காரில் இது வந்தால் வீட்டிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஸ்கேனரில் கோட் பி0302 என்றால் அது இரண்டாவது சிலிண்டர். என்ஜினை ஆஃப் பண்ணி, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களில் இரண்டாவதின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். கோட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில் கெட்டது. மாறாவிட்டால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் மாறவில்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின் என்பதால் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாது, கரி படியும். குளிரில் மட்டும் நடுங்கி, சூடானதும் சரியாகும் கார்களில் இதை நினைவில் வையுங்கள்.

கியர் மாறும்போது இடி

எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக் உண்மையிலேயே அருமையான பெட்டி. ஆயில் “ஆயுளுக்கும்” என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் மாற்றுவதில்லை என்பதுதான் சிக்கல். அதைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. சிக்னலுக்கு மெதுவாக வந்து நிற்கும்போது பின்னாலிருந்து தட்டுவதுபோல ஒரு இடி, காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி தாமதம், 50 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தால் அதிர்வு: இவற்றில் முதல் இரண்டும் ஆயில் மாற்றினால் பெரும்பாலும் குறையும். அதிர்வு நின்றாலும் நிற்கலாம், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர்வரை போனாலும் போகலாம். ஃபில்டர் தனியாக வராது, பிளாஸ்டிக் அடிச்சட்டியோடு சேர்ந்தது, அதையும் மாற்ற வேண்டும். அளவை ஆயிலின் வெப்பத்தைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், ஸ்கேனர் இல்லாமல் குத்துமதிப்பாக ஊற்றும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்கு

ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லாம் ஒன்றாக எரிந்தால் எல்லாம் ஒன்றாகக் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. பேட்டரி. டிக்கியில் இருக்கிறது. சிக்னலில் தானாக என்ஜின் அணைவது நின்றுபோயிருந்தால் அதுதான் முதல் அறிகுறி. ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும், மாற்றியபின் ஸ்கேனர் வழியாக காரிடம் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து, புதுசின் ஆயுளையும் குறைத்துவிடும்.

பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஆட்டம்

டிஸ்க் வளைந்திருக்கலாம், முன் சஸ்பென்ஷன் கையின் ரப்பர் புஷ் போயிருக்கலாம். டிஸ்க் மட்டும் மாற்றி ஆட்டம் திரும்பி வந்தால் புஷ்தான். பிரேக் அடிக்காமலே 80, 90-இல் ஆடினால் ரிம் வளைந்திருக்கும். இதில் வரும், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரின் சுவர் கடினம், குழியில் இறங்கினால் அடி ரிம்முக்குத்தான் போகும். டயர் தேதியைப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

ஏசி போட்டதும் ஈர வாடை, காரணமே இல்லாத மின்கோளாறுகள்

சென்னை காராக இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பதிவெண் என்றால் மட்டும் நிம்மதி வேண்டாம், அங்கும் மழை பெய்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேல்பாதி சுத்தமாகவும் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறைக் கோடும் இருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை நின்றிருக்கிறது. சீட்டுக்கு அடியில் தண்டவாளத் திருகுகளில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் கீழே உள்ள ஸ்பாஞ்சில் ஈரம், ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு: இவற்றில் ஒன்று போதும். எஃப்30-இன் முக்கிய மின்னணுப் பெட்டி ஒன்று கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில், இன்னொன்று டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. வெள்ளம் முதலில் தொடும் இடங்கள் இவை. இன்று ஜன்னல், நாளை லாக், மறுமாதம் ஸ்டார்ட்டே ஆகாது. இதற்கு மெக்கானிக்கால் ஒரு முடிவு சொல்ல முடியாது. டிக்கியில் மட்டும் ஈரம் இருந்தால் பின் விளக்கின் ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம், அது சின்ன வேலை.

ஓடிய தூரம் நம்பும்படி இல்லை

ஸ்டியரிங் தோல் பளபளவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்து, மீட்டர் மட்டும் 48,000 என்று சொன்னால், பிஎம்டபிள்யூவுக்கென்று உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். விற்பவர் வரமாட்டேன் என்றால் அதுவே பதில். அந்த ஸ்கேனரில் ஒவ்வொரு பழைய ஃபால்ட்டுக்கும் பக்கத்தில், அது எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்றும் இருக்கும். மீட்டரைத் திருத்துபவர்கள் காரின் எல்லா மின்னணுப் பெட்டிகளிலும் திருத்துவதில்லை. மீட்டரில் 48,000, கியர்பாக்ஸ் ஃபால்ட் ஒன்றின் பக்கத்தில் 1,12,000 என்று இருந்தால் பேரம் பேச வேண்டாம். டெல்லியில் பத்து வருடம் கடந்த டீசல்களுக்கு வந்த தடைக்குப் பிறகு தெற்கே இறங்கிய கார்களில் இதை அவசியம் பாருங்கள். அப்படிப்பட்ட காருக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று தோன்றியது பல சமயம் உள்ளூர் கார் விலைக்கே வந்து நிற்கும்.